சைத்தூன் நகரில் ஒரு மழைநாள்

திருப்பூர் மக்களுக்குச் சீனம் தொலைதூர நாடன்று. பின்னலாடைத் தொழிலில் ஈடுபட்டோர் பலர் இயந்திரங்களையும் உதிரிப் பாகங்களையும் நாடி அங்கே சென்று வருகின்றனர். நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் அவ்வாறு சென்றபோது நம்மையும் உடனழைத்துச் சென்றார். அவர் நாடிச் சென்ற ஊர், ஃபூஜியன் மாநிலக் கடற்கரையிலுள்ள சுவான்சௌ. வட்டப் பின்னல் இயந்திரங்கள் செய்யும் தொழிற்கூடங்கள் அங்கே பல உள. அன்பர் தம் அலுவலில் இருந்த ஒரு பகற்பொழுது ஊரைச் சுற்றிப் பார்க்க நமக்கு வாய்த்தது. அன்று வைகறை முதலே மழை. எனினும் குடையை விரித்துப் புறப்பட்டோம். ஆங்கிலம் அறிந்த மாணவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

இந்நகரை அக்கால அராபிய வணிகர் சைத்தூன் என்றழைத்தனர். 'சாட்டின்' துணியின் பெயரே இச்சொல்லிலிருந்து வந்ததென அறிஞர் கருதுவர். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாய் இது விளங்கியது. 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

கடைகளின் முன்புறம் தூண்கள் நிற்க, மேலே மாடி கவிந்திருக்கும் நடைவழிகளில் மழைக்கு ஒதுங்கியவாறே கையுவான் என்னும் புத்த ஆலயத்தை அடைந்தோம். 686-இல் நிறுவப்பட்ட ஆலயம் அது. அதன் இரட்டைக் கற்கோபுரங்கள் மழையில் நனைந்து கருத்து நின்றன. பெருமண்டபத்தின் பின்புறம் இருந்த இரு கற்றூண்களைக் கண்டதும் நம் கால்கள் நின்றுவிட்டன. உரலில் கட்டுண்ட கண்ணன் ஒருபால், நரசிங்கம் ஒருபால்! வழிகாட்டிய மாணவருக்கு அவற்றின் பொருள் தெரியவில்லை. நம் ஊர்க் குழந்தைகளெல்லாம் அறிந்த அக்கதையைக் கத்தோலிக்கக் குருவாகிய நாமே அவருக்குச் சொல்லி விளக்கினோம்.

இத்தூண்கள் அங்கே வந்ததெப்படி? தமிழ் வணிகர் அந்நகரில் வாழ்ந்திருக்கின்றனர். சக ஆண்டு 1203 சித்திரைத் திங்கள், அதாவது கி.பி. 1281-இல், பேரரசரின் ஆணைப்படி சிவாலயம் ஒன்று அங்கே நிறுவப்பெற்றதைத் தமிழ்க் கல்வெட்டொன்று அறிவிக்கின்றது. சம்பந்தப் பெருமாள் என்பவர் பேரரசரின் உடல்நலம் வேண்டி அதனை எழுப்பினார். அப்போது ஆட்சி புரிந்தவர் மங்கோலியராகிய குப்ளாய்கான். அவ்வாலயம் பின்னர் அழிந்தது. அதன் கற்களே புத்த ஆலயத்திற்குப் பயன்பட்டன.

அடுத்து 1009-இல் கட்டப்பெற்ற பள்ளிவாசலைக் கண்டோம். அதன் பழைய தொழுகைக் கூடத்திற்கு இன்று கூரையில்லை. கருங்கற் சுவர்களுக்கு நடுவே மழை தடையின்றிப் பொழிந்து கொண்டிருந்தது.

பிற்பகலில் கடல்வாணிப அருங்காட்சியகம் சென்றோம். தாமரை மலர்மீது சிலுவை நிற்க, இருபுறமும் வானதூதர் தாங்கும் கல்லறைக் கற்கள் அங்கே வரிசையாக உள்ளன. பழைய மதிற்சுவர்களை இடித்தபோது அவற்றுள் பல வெளிப்பட்டன. வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் திரட்டி, 1957-இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் காத்துத் தந்ததாலன்றோ நம் முன்னோரின் நினைவு இன்று நமக்குக் கிட்டியது!

அச்சீனத் திருச்சபைக்கும் நமக்கும் உறவுண்டு. பிரான்சிஸ்கு சபைத் துறவி மொந்தேகொர்வீனோ யோவான், சீனம் செல்லும் வழியில் பதின்மூன்று மாதங்கள் புனித தோமையார் ஆலயத்தில் தங்கி, ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். பின்னர் பீக்கிங்கின் முதற் பேராயரானார். சைத்தூனில் அர்மேனியப் பெண்மணி ஒருவர் பெரிய ஆலயமொன்றைக் கட்டிக் கொடுத்தார். அந்நகரின் ஆயராயிருந்த பெரூஜியா அந்திரேயா, பேரரசர் எட்டுப் பேரின் உணவுக்கும் உடைக்குமென அளித்த மானியத்தின் பெரும்பகுதியைக் கொண்டு மற்றோர் ஆலயமும் எழுப்பினார். எல்லா இனத்தாரும் தத்தம் நெறிப்படி அங்கே வாழ அனுமதி பெற்றிருந்தனர் என்று அவர் 1326-இல் எழுதிய கடிதம் கூறுகின்றது. மும்பைக்கு அருகே தானாவில் 1321-இல் உயிர்நீத்த நான்கு வேதசாட்சிகளின் எலும்புகளை, முத்திப்பேறு பெற்ற ஒதோரிக்கு கடல்வழியே கொணர்ந்து இந்நகரில்தான் சேர்த்தார். 1368-இல் மங்கோலிய ஆட்சி வீழ, அத்திருச்சபையும் மறைந்தது.

அன்புக்குரிய இறைமக்களே! அயலூரில் பிழைக்கச் சென்ற தமிழன் தன் மொழியில் கல்வெட்டுப் பொறித்து, தன் முறைப்படி வழிபட ஓர் அந்நியப் பேரரசர் இடந்தந்தார். இன்று திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் சார்க்கண்டு, ஒடிசா, பீகார் மாநிலங்களின் இளைஞரும் இளம்பெண்களும் உழைக்கின்றனர். அவர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தோரும் உளர். ஞாயிறன்று கோயிலின் கடைசி வரிசையில் நின்று, விளங்காத மொழியில் திருப்பலி கண்டு செல்கின்றனர். "நம் கோயிலில் இந்தித் திருப்பலி எதற்கு?" என்று நம்மிடம் கேட்டவரும் உண்டு.

எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாதிருக்குமாறு ஆண்டவர் இஸ்ராயேல் மக்களைப் பணித்தார். தமிழராகிய நாமும் சைத்தூனில் அந்நியராய் இருந்தவர்களே. திங்களுக்கு ஒரு ஞாயிறேனும் அவர்கள் மொழியில் திருப்பலி நிகழட்டும். அவர்கள் பாடும்போது நாமும் உடன் அமர்வோம். திருப்பலி முடிந்தபின் அவர்களுள் ஒருவரையேனும் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்த்தி உணவளிப்போமாக!