கடையா, வீடா?

கையில் நாலு காசு சேர்ந்தால் அதனை எதில் போடுவது என்ற கேள்வி நம்மவர்களிடையே எழுவதே அண்மைக் காலத்து விஷயமாகும். நம் பாட்டன்மார் காலத்தில் சேர்ந்த காசு பெண்டிர் காதிலும் கழுத்திலும் தங்கிற்று. அன்றேல் கப்பலேறி ஊருக்குச் சென்று, பங்காளிகள் உழுதுண்ணும் நிலமாக நின்றது. 1960-ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் கதியற்று நின்ற வேளையில், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டத் தொடங்கிய பின்னரே, இந்நாட்டு மண்ணில் நமக்கும் ஒரு பங்கு கூடும் என்னும் எண்ணம் லயங்களில் வேர்விட்டது என்பது நம் கருத்து.

நிற்க. எம் தந்தையார் முதலில் பால்மரத்திலும் பின்னர் செம்பனையிலுமாக முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றார். சேமநிதியிலிருந்து அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய எழுபதாயிரம் வெள்ளி. மூன்றாம் மாதம் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, கிராணிமாருக்குரிய எம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவ்வீடும் நம் உத்தியோகம் உள்ள வரையில்தான் என்பதைத் தோட்டத்து நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் பணத்தோடு நம் சேமிப்பு முப்பதினாயிரத்தையும் கூட்டி ஒரு சொத்து வாங்குவது என்று முடிவாயிற்று. பக்கத்துப் பட்டணத்தில் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று, பஸ் நிலையத்தின் பின்வரிசையில் மாடியோடு கூடிய கடை. விலை 480,000 வெள்ளி. மற்றது, அங்கிருந்து ஒரு மைல் தள்ளி ஓரடுக்கு வரிசை வீடு. விலை 240,000 வெள்ளி.

தந்தையாருக்குக் கடையின் மேல்தான் மனம். தோட்டத்து மளிகைக் கடையில் கடன் கொப்பியை நீட்டிக்கொண்டு பல்லாண்டு நின்றவர், ஒரு கடைக்குத் தாமே உடையவராவதை விரும்பியதில் வியப்பென்ன? "வீடு சோறு போடாதுப்பா, கடைதான் போடும்" என்றார்.

அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. கடையின் கீழ்த்தளத்துக்கு 1,600, மாடிக்கு 500, ஆக மாதம் 2,100 வெள்ளி குடிக்கூலி கிடைக்கும் என்றார்கள். ஆண்டுக்கு 25,200, நூற்றுக்கு ஐந்தே கால். வீட்டுக்கோ மாதம் 850, ஆண்டுக்கு 10,200, நூற்றுக்கு நாலே கால்தான். மேலும், கடை எடுப்பவன் அலமாரி அடிப்பான், பெயர்ப்பலகை மாட்டுவான், வாடிக்கை பிடிப்பான். இவ்வளவும் செய்தவன் இலேசில் இடம் பெயர மாட்டான். உள்ளே ஏற்படும் சிறு பழுதுகளையும் பெரும்பாலும் அவனே பார்த்துக்கொள்வான். வீட்டில் குடியிருப்பவரோ தண்ணீர்க் குழாய் சொட்டினாலும் நம்மைத்தான் அழைப்பார்.

ஆனால் கணக்குப் புத்தகத்துக்கு வரவுப் பக்கம் ஒன்று மட்டும் அன்று. கடைக்கு நூற்றுக்கு எண்பதுதான் கடன் தருவதாகவும், அதை இருபது ஆண்டுகளில், ஐந்து வீத வட்டியில் தீர்க்க வேண்டும் என்றும் பாங்கில் கூறினர். அப்படியானால் 96,000 வெள்ளி முன்னதாகக் கட்டியாக வேண்டும்; பத்திரச் செலவுக்கும் வக்கீலுக்கும் மிஞ்சுவது நாலாயிரம். மாதத் தவணை 2,534 வெள்ளி. இரண்டு தளமும் நிறைந்திருந்தாலும் மாதந்தோறும் 434 வெள்ளி நம் சம்பளத்திலிருந்து போகும். வீட்டுக்கோ 90,000 கட்டி, 150,000 கடன் வாங்கினால், இருபத்தைந்து ஆண்டுக்கு 4.2 வீத வட்டியில் தவணை 808 வெள்ளி. குடிக்கூலியே அதைத் தாங்கும்.

இவை இடம் நிறைந்திருக்கும் காலத்துக் கணக்கு. காலியாகக் கிடக்கும் காலத்தை யார் கணக்கிடுகின்றார்கள்? காலி வீட்டுக்கு 808 வெள்ளியை நாம் தட்டுத் தடுமாறியேனும் கட்டிவிடலாம். காலிக் கடைக்கு 2,534 வெள்ளி என்றால் ஆறு மாதத்தில் ஏலத்துக்குப் போகும். அதில் போவது ஒரு கிழவரின் முப்பத்தெட்டு ஆண்டு.

கடையின் விதி கடைக்காரன் கையிலும் இல்லை, உடையவன் கையிலும் இல்லை. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா முதலிய பட்டணங்களின் நடுவே போகாமலே கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் செல்ல வழி பிறந்துவிட்டது. பழைய ரஸ்தாவின் ஓரத்தில் பஸ் பிரயாணிகளை நம்பித் திறந்த கடைகளுக்கு அதனால் நேர்ந்ததை அவ்வூர்களைக் கடந்தவர் அறிவர். பின்னர் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜனங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், கடைகள் சாத்தப்பட்டன. ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குப் பாங்குகள் தவணையை ஒத்திவைத்தது மெய்யே. ஒத்திவைத்தது தவணையைத்தானே அன்றிக் கடனை அன்று.

சட்டமும் வீட்டின் பக்கமே சற்றுச் சாய்ந்திருக்கின்றது. கட்டி முடியாத வீட்டை வாங்குவோருக்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் துணை நிற்கின்றது. தரை வீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்காவிடில் நிர்மாணிப்போர் நஷ்ட ஈடு தர வேண்டும். சாவி பெற்ற பின் 24 மாதம் வரை தோன்றும் குறைகளை அவர்களே திருத்த வேண்டும். வெறுங்கடை வாங்குவோருக்கு அச்சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதே வேதம். "இத்தனை ஆண்டுக்கு இத்தனை வீதம் வாடகை நிச்சயம்" என்று விளம்பரம் செய்து கடை விற்பார் பேச்சை நம்புவோர், அந்நிச்சயத்தைத் தருபவர் யார், அவரிடம் பணம் உளதா என்று கேட்டறிவது நலம். குடிக்கூலி தராதவரைத் தாமே பூட்டுப் போட்டு வெளியேற்றுவதை மட்டும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்கும் வீட்டுக்கும் ஒருசேரத் தடுக்கின்றது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கீழே கடை, மேலே குடியிருப்பு என்னும் பழைய கடைவீடு ஒன்று கிடைத்தால் வழக்கே தீருமே என்று எம் துணைவியார் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அத்தகையவை நம் பட்டணத்தில் நாலைந்தே உள்ளன, உடையவர்கள் விற்பதாயில்லை.

தந்தையாரிடம் இக்கணக்கை மூன்று இரவு எழுதிக் காட்டினோம். அவர் எழுத்தை நோக்கவில்லை. "கடை சும்மா கிடந்தா நாம அதுல படுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். மாடி அலுவலகமாகத் தடுக்கப்பட்டது, சமையற்கட்டு இல்லை என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப வீட்டையே வாங்கு. கிராண்டுல என் பேரும் இருக்கணும்" என்றார்.

இருவர் பெயரிலும் பதிவாயிற்று. இப்பொழுது ஒரு தொழிற்சாலை ஊழியரின் குடும்பம் அவ்வீட்டில் இருக்கின்றது. மாதம் முதல் ஞாயிறன்று தந்தையார் தாமே பஸ்ஸேறிச் சென்று 850 வெள்ளியை வாங்கி வருகின்றார். வரும் வழியில் அந்தக் கடையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவார். கீழ்த்தளத்தில் கைத்தொலைபேசி வியாபாரம் வந்துவிட்டதாம். 1,700 வெள்ளி என்று விசாரித்து வந்து சொன்னார். மாடியில் 'வாடகைக்கு' என்ற பலகை இன்னும் தொங்குகிறதாம், அதையும் சொன்னார்.