மீட்கக் கொடுத்த விலை

1949 பிப்ரவரி தொடங்கி டிசம்பர் வரை ரமண மகரிஷியின் இடது கையில் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. சிறு கட்டியாகத் தோன்றியது புற்றுநோய் என்று தெரிந்தபோது அன்பர்களில் பலர், எங்கள் வினையைத்தான் பகவான் தம் உடம்பில் வாங்கிக்கொள்கிறார் என்று நம்பினார்கள். எந்தச் சாஸ்திரத்தையும் புரட்டி அவர்கள் அந்த முடிவுக்கு வரவில்லை. தாம் உயிராக நினைத்த ஒருவர், தப்பேதும் செய்யாத ஒருவர், வலியில் கிடப்பதைப் பார்க்கிற மனம் தானாகவே போய்ச் சேருகிற இடம் அது. மகரிஷியோ உடம்பே ஒரு நோய்தான் என்ற நிலையில் இருந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். சிலுவையைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அவர் தம் வழியில் விளக்கம் தந்திருக்கிறார்: சிலுவை என்பது உடம்பு, அதில் அறையப்படுவது 'நான்' என்னும் அகந்தை, அது மாய்ந்தபின் எஞ்சுவதே உயிர்த்தெழுதல். அழகான விளக்கம்தான். ஆனால் கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விசுவாச அறிக்கையில் பொந்தியு பிலாத்து என்று ஓர் அதிகாரியின் பெயர் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆட்சியில், ஒரு குறிப்பிட்ட நாளில், அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமானியர்கள் கொடுத்த தண்டனையை ஒரு மனிதர் அனுபவித்தார் என்பதை அந்தப் பெயர் மறக்கவிடாது. சிலுவையை முழுக்க உள்ளத்து நிகழ்ச்சியாக்கிவிட்டால் அந்த மனிதரின் முனகல் நம் காதிலிருந்து போய்விடும். ஆகவே கேள்வி அப்படியே நிற்கிறது: மனிதர் கரையேற ஒருவர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. சீர்திருத்தச் சபையார் இரட்சிப்பு என்பார்கள், கத்தோலிக்கர் மீட்பு என்பார்கள். மீட்பு என்ற சொல்லை அடகுக்கடைக்குப் போய்வந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நகை நம்முடையதுதான், ஆனால் நம் கையில் இல்லை. யாராவது பணம் கட்டினால்தான் திரும்பி வரும். ஆதிச் சபையும் இந்த உவமையில்தான் பேசியது. ஆனால் நான்காம் நூற்றாண்டிலேயே நசியான்சு நகரத்துக் கிரகோரியார், அந்த விலை யாருக்குக் கட்டப்பட்டது என்று கேட்டுவிட்டார். சாத்தானுக்கா? கடவுளின் பிள்ளையை விலையாக வாங்கும் தகுதி அவனுக்கு ஏது? தந்தைக்கா? மகனின் இரத்தத்தைக் கேட்கிற தந்தை எப்படிப்பட்டவர்? இன்றைய நாத்திகர் கேட்பதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேராயர் கேட்ட கேள்வி இது. அடகுக்கடை உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 1098 வாக்கில் கான்டர்பரி அன்செல்ம் வேறு கணக்குப் போட்டார்: பாவத்தால் கடவுளின் மாண்புக்கு இழுக்கு நேர்ந்தது, அதற்கு ஈடு செய்யும் கடமை மனிதனுடையது, ஈடு செய்யும் வலிமையோ கடவுளுக்கு மட்டுமே உரியது, ஆகவே கடவுளே மனிதரானார். பிரபுக்களும் குடிகளும் வாழ்ந்த ஐரோப்பாவின் வாசனை அதில் இருக்கிறது. பிறகு சீர்திருத்தவாதிகள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். குற்றவாளிக்கு உரிய தண்டனையை நிரபராதி ஏற்றார் என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டு மேடைகளில் பெரும்பாலும் கேட்பது இந்த மூன்றாவது கதைதான். ஒரு குறிப்பிட்ட காலத்துச் சட்டத்தைக் கடவுளின் இயல்பு என்று எடுத்துக்கொண்டதே நம் சங்கடத்துக்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

இயேசு சொன்ன கதைகளிலேயே இதற்கு எதிரான சாட்சி இருக்கிறதே என்று கேட்கலாம். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தகப்பன் எந்த ஈடும் கேட்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை, அணைத்துக்கொண்டார். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்று ஓசேயா தீர்க்கதரிசி சொன்னதை மத்தேயு நற்செய்தியில் இயேசு இருமுறை நினைவூட்டுகிறார். அப்படியிருக்க இரத்தம் எதற்கு? வலுவான ஆட்சேபம்தான். ஆனால் அந்தத் தகப்பனைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தாம் உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்துக் கொடுத்த அவமானம் அவருடையது. மகன் அழித்த சொத்து அழிந்ததுதான். அந்த நஷ்டம் காற்றில் கரைந்துவிடவில்லை, தகப்பன் கணக்கில் ஏறியது. ஊர் பார்க்க, வயதான மனிதர் தெருவில் ஓடுகிறார். மூத்த மகன் வீட்டுக்குள் வர மறுக்கிறான், அவனிடமும் போய்க் கெஞ்சுகிறார். மகனுக்கு மன்னிப்பு இலவசமாகக் கிடைத்தது, கொடுத்தவருக்கு அது இலவசமாக இல்லை. சிலுவையின் துன்பத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். யாரோ கேட்டதால் கட்டிய தொகை என்று அதைச் சொல்ல முடியவில்லை. பகை நிறைந்த உலகத்துக்குள் மன்னிப்பு உடம்பெடுத்து வந்தால் அந்த உடம்பு என்ன பாடுபடுமோ அதுவே அது. தனக்கு வந்த நோவைப் பொறுப்பதும் பிற உயிருக்கு நோவு செய்யாதிருப்பதும் சேர்ந்ததுதான் தவத்தின் வடிவம் என்று வள்ளுவர் வகுத்தார். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அடிவாங்கியவர் திருப்பி அடிக்காதபோது தீமையின் சங்கிலி அவரிடம் வந்து அறுகிறது. அறுகிற இடத்தில் காயம் இருக்கும்.

வினைக் கொள்கையில் வளர்ந்த மனத்துக்கு இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. அவரவர் செய்தது அவரவருக்கு. ஒருவர் பட்ட பாடு இன்னொருவர் கணக்கை எப்படித் தீர்க்கும்? பிரிட்டோரியாவில் ஒரு கிறிஸ்தவ நண்பர், இயேசு பாவத்தின் விளைவை ஏற்றுக்கொண்டார், இனிக் கவலை வேண்டாம் என்ற பொருளில் பேசியபோது, எனக்கு வேண்டியது பாவத்தின் விளைவிலிருந்து விடுதலை அல்ல, பாவத்திலிருந்தே விடுதலை என்று காந்தி பதில் சொன்னதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த விவாதத்தில் காந்திதான் சரி. நற்செய்திக்கு நெருக்கமாக நின்றவரும் அவரே. பாளையங்கோட்டையில் பிறந்து பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்க முயன்றதும், சென்னையின் வி. சக்கரை 1932இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் சேர்த்து வைத்து ஒரு நூல் எழுதியதும் இந்தக் குறையை உணர்ந்துதான். சிலுவை கணக்கைத் திருத்துகிறது என்பதைவிட, பார்க்கிறவனின் நெஞ்சைத் திருப்புகிறது என்பதே அந்த வழியின் சாரம். திருவண்ணாமலைக்கு இது அந்நியமான பேச்சும் அல்ல. கார்த்திகைத் தீபத் திருவிழாவில் கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாக்கி, குழந்தையைக் கிடத்தி, தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றுகிறார்கள். வெறும் கால், கூட்டம், தோள் வலி எல்லாம் உண்டு. ஆனால் வரம் கேட்டுக் கட்டும் கட்டணமாகவா அவர்கள் நடக்கிறார்கள்? குழந்தை ஏற்கெனவே தொட்டிலில் கிடக்கிறது. கிடைத்தபிறகு நடக்கும் நடை அது. கிறிஸ்தவத்தில் மனிதன் ஏற்கும் துன்பத்துக்கும் சரியான இடம் அதுதான்: மீட்பைச் சம்பாதிக்க அல்ல, மீட்கப்பட்டதால். தவக்கால ஒறுத்தல்களை இந்தக் கண்ணோடு செய்கிறவர் முகத்தில் கடுகடுப்பு இருக்காது.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். துன்பம் புனிதமானது என்ற போதனை யாருக்குச் சொல்லப்பட்டது? குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு, உன் சிலுவையைச் சும என்று சொல்லப்பட்டது. சேரியிலிருந்து வந்து, கல்லறையிலும் சாதிச் சுவரைக் கண்டவனுக்கு, பொறுத்துக்கொள், பரலோகத்தில் பலன் உண்டு என்று சொல்லப்பட்டது. இது நடந்தது, நடக்கிறது. இதை மழுப்புகிற எந்த இறையியலும் எனக்கு வேண்டாம். ஆனால் இயேசுவின் வாழ்க்கையே இந்தப் போதனைக்கு எதிராக நிற்கிறது. தம்மிடம் வந்த நோயாளி ஒருவரிடமாவது, இது கடவுள் தந்தது, வைத்துக்கொள் என்று அவர் சொன்னதில்லை, குணமாக்கினார். கெத்செமனே தோட்டத்தில் இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கட்டும் என்று மன்றாடினார். துன்பத்தை விரும்பியவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். தாமே தோள்கொடுத்து எடுப்பது சிலுவை. இன்னொருவர் தோளில் ஏற்றி வைப்பது பிலாத்துவின் வேலை. 1980களில் அர்விந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலைத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்டவர்களோடு ஒருவராகச் சிதைக்கப்பட்ட கடவுளைச் சிலுவையில் கண்டார்கள். அடங்கிப்போகச் சொல்லப் பயன்பட்ட அதே சிலுவை நிமிர்ந்து நிற்கவும் காரணமானது.

1949இல் மகரிஷியைத் தரிசித்தவர்களில் இரு கத்தோலிக்கக் குருக்களும் உண்டு: மோன்ஷானினும் ஹென்றி லெ சோவும். அடுத்த ஆண்டு குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். லெ சோ, அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்டு, 1952 முதல் பலமுறை அருணாசல மலைக்குகைகளில் தங்கினார். துன்பப்படுகிறவன் யார் என்று விசாரிக்கச் சொல்லும் மலைக்கும், துன்பப்படுகிறவனைப் பார் என்று சொல்லும் சிலுவைக்கும் நடுவே அவர் மனம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதற்கு அவருடைய நாட்குறிப்புகள் சாட்சி. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் இரண்டையும் விடவில்லை. 1973 ஜூலையில் ரிஷிகேசத் தெருவில் மாரடைப்பால் விழுந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார், கத்தோலிக்கக் குருவாகவே.