முடிக்கு ஒரு காளை

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் உடம்பு சிலிர்த்தது. வெளியே ஜூன் கடைசி வெயில், 32 டிகிரி. மக்காச்சோளக் காட்டிலிருந்து எழுந்த புழுக்கம் வேறு. உள்ளே ஊட்டியின் டிசம்பர். விளக்கு இல்லை. கண் பழகிய பிறகுதான் தெரிந்தது, மரச்சீவல் பரப்பிய தரையில் ஆறு காயடித்த காளைகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"கையை வைத்துப் பாருங்கள்" என்றாள் அந்த வீட்டுப் பெண். பதினாறு வயது.

விலாவில் வைத்தேன். விரல்கள் இரண்டாம் கணுவரை புதைந்தன. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, இருபது வருடமாக மாட்டின்மேல் கை வைத்துச் சோறு தின்பவன் நான். மாட்டின் உடம்பில் என் விரல் காணாமல் போனது அன்றைக்குத்தான்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரத்தில் காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடன் வேலை செய்பவரின் அண்ணன் 'கிளப் காஃப்' வளர்ப்பவர் என்று தெரிந்ததும் அவனைத் தொந்தரவு செய்து கிளம்பிவிட்டேன். ஃபோர் ஹெச், எஃப்எஃப்ஏ போன்ற இளையோர் அமைப்புகளில் இருக்கும் பிள்ளைகள் ஒரு கன்றை வாங்கி வளர்த்து, கண்காட்சி வளையத்தில் நடத்திக் காட்டுவார்கள். அதற்கென்றே ஈனவைக்கும் கன்றுதான் கிளப் காஃப். அயோவா மாநிலக் கண்காட்சி ஆகஸ்டில். அதாவது முடி உதிர்ந்து மாடு மொட்டையாக நிற்கவேண்டிய மாதத்தில்.

அதற்குத்தான் இந்த இருட்டும் குளிரும். மாட்டுக்கு முடி எப்போது உதிர வேண்டும் என்று சொல்வது வெயிலைவிடப் பகல் நீளம். பகல் நீண்டால் உடம்பில் புரோலாக்டின் ஏறும், குளிர்கால முடி கழன்று விழும். ஆகவே கோடையில் பகலை மறைத்து மாட்டை ஏமாற்றுகிறார்கள். மாலையில் வெளியே கொண்டுவந்து, தண்ணீர் பீய்ச்சி நனைத்து, ஊதுகுழாயால் காயவைத்து, முடியை முன்பக்கமாக, மேல்நோக்கி வாருகிறார்கள். அந்தப் பெண் தினமும் இரண்டு மணி நேரம் இதைச் செய்கிறாள். அவள் கையிலிருந்த சீப்பை 'ரைஸ் ரூட் பிரஷ்' என்றாள். அரிசி வேரா என்று ஆவலாக வாங்கிப் பார்த்தேன். நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெக்சிகோவில் விளையும் ஏதோ புல்லின் வேராம்.

எதற்கு இத்தனை முடி? அவள் ஒரு காளையின் பின்னங்காலைக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே முடியை மேல்நோக்கிச் சீவி, பசை தெளித்து நிறுத்தி, கத்தரிக்கும் இயந்திரத்தால் விளிம்பைச் செதுக்கினால், ஒல்லிக் கால் தூண்போல ஆகிவிடும். முதுகில் பள்ளம் இருந்தால் அங்கே முடியை நீட்டமாக விட்டு மேட்டில் குறைப்பார்கள், கோடு போட்டதுபோல நேராகிவிடும். இதைச் செய்பவரை ஃபிட்டர் என்கிறார்கள். மண் இருந்தால்தானே குயவர் சட்டி பண்ணுவார்? முடிதான் இங்கே மண். ஒட்டுமுடி வைப்பதைப் பெரும்பாலான போட்டிகள் தடை செய்திருக்கின்றன. அதனால் முடி மாட்டிலேயே முளைத்தாக வேண்டும், அதாவது காளையிலிருந்து வர வேண்டும்.

அந்தக் காளையைத் தேர்ந்தெடுக்கும் வேலை அடுக்களை மேஜையில் நடந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரர் உறைவிந்துக் கம்பெனிகளின் வழவழப்பான புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒரு பொலிகாளை. எல்லாமே கரடிக்குட்டிபோலத்தான் இருந்தன. நான் ஒன்றைத் தொட்டு, "இது நன்றாக இருக்கிறதே" என்றேன்.

"பின்னால் என்ன தெரிகிறது, பாருங்கள்."

பனி.

"ஜனவரியில் எந்த மாட்டுக்கும் முடி இருக்கும். நான் காளையின் படத்தைப் பார்ப்பதில்லை. ஜூலையில் அதன் மகள்களைப் போய்ப் பார்ப்பேன். வெயிலில் நிற்கும்போது பின்னங்காலில் என்ன மிச்சம் இருக்கிறது? அதுதான் கணக்கு."

நீளம் மட்டும் இருந்து அடர்த்தி இல்லையென்றால் படிந்துவிடும் என்றார். அடிமுடி பஞ்சுபோல நெருங்கி நின்றால்தான் மேல்முடி நிமிரும். பசுவின் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். "வழுக்கைப் பசுவுக்கு எந்தக் காளையைப் போட்டாலும் பாதிதான்." அவருடைய மந்தை கலப்பு: பிரான்சின் மெயின்-ஆஞ்சு, இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன், கறுப்பு ஆங்கஸ். ஷார்ட்ஹார்ன் சேர்ந்தால் கறுப்பும் வெள்ளையும் உப்பு மிளகுபோலக் கலந்த நீலரோன் நிறம் வரும். அதற்குத் தனி மவுசு.

புத்தகத்தில் ஒவ்வொரு காளையின் பெயருக்குக் கீழும் சில எழுத்துகள் இருந்தன. டிஹெச், பிஹெச்ஏ, அவற்றின் பக்கத்தில் 'எஃப்' அல்லது 'சி'. எஃப் என்றால் குறை இல்லை, சி என்றால் குறையைச் சுமக்கிறது. இரண்டும் ஒடுங்கு மரபணுக் குறைகள். ஒன்றைச் சுமக்கும் காளைக்கும் அதையே சுமக்கும் பசுவுக்கும் பிறக்கும் கன்றுகளில் நாலில் ஒன்று பிழைக்காது. டிஹெச் கன்றுக்குப் பின்னங்கால்கள் முறுக்கிக்கொள்ளும், வயிறு மூடாது. பிஹெச்ஏ கன்றுக்கு நுரையீரல் வளர்ந்திருக்காது, தோலுக்கடியில் நீர் கோத்து ஊதிப்போயிருக்கும்.

பண்ணைக்காரர் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார், சோதனை எதுவும் வராத காலத்தில். இரவு இரண்டு மணி. பசு முக்கிக்கொண்டே இருந்தது, கன்று வரவில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். "தண்ணீர் நிரப்பிய தோல்பைபோல இருந்தது. தூக்கினால் கையில் நிற்காமல் வழிந்தது." சொல்லிவிட்டு மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். பசுவும் மூன்றாம் நாள் போய்விட்டது. இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பீவர் மரபணுச் சோதனைகளை உருவாக்கிய பிறகுதான் எது சி, எது எஃப் என்று ஈனுவதற்கு முன்பே தெரிந்தது.

தெரிந்த பிறகு சி காளைகளைக் கழித்துவிட்டார்கள் என்று நினைத்தால் நீங்களும் என்னைப்போல ஏமாளிதான். இந்தத் தொழிலில் பெரும் பெயரெடுத்த 'ஹீட் வேவ்' என்ற காளை இரண்டு குறையையும் சுமந்தது. சுமக்கும் காளையின் கன்றுகளுக்குத்தான் எலும்பும் முடியும் கூடுதல் என்று நம்புகிறவர்கள் பலர். எனக்கு அது பாதி கண்கட்டாகத்தான் படுகிறது. ஜெயித்த காளையை எல்லோரும் போட்டார்கள், அதன் ரத்தத்தில் குறை இருந்தது, அதனால் ஜெயிப்பதிலெல்லாம் குறை இருந்தது. இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ஆனால் போன வருடம் ஜெயித்தது யாருடைய மகன்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் தம்பி பக்கத்து நிலத்தில் இறைச்சிக்கு மாடு வளர்க்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நியாயமே தலைகீழ். அங்கே மே மாதத்துக்குள் முடி உதிர்க்காத பசு உதவாக்கரை. 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள்: முழுக்க உதிர்த்துப் பளபளத்தால் 1, துளியும் உதிர்க்காவிட்டால் 5. சீக்கிரம் உதிர்க்கும் பசு வெயிலைத் தாங்கி நன்றாக மேயும், கன்றும் எடை கூடும். ஆங்கஸ் சங்கமே முடி உதிர்வைக் காளை தேர்வுக்கான அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அண்ணன் தேடித் தேடிக் காசு கொடுப்பதைத் தம்பி தேடித் தேடிக் கழிக்கிறார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள்.

டெக்சஸில் இன்னொரு கூத்து. ஹூஸ்டன், சான் அன்டோனியோ போட்டிகளில் காளைகளை ஒட்டச் சிரைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வால் குஞ்சம் தவிர, முடி கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஃபிட்டரின் கைவேலைக்கு அங்கே இடமில்லை, கால் கால்தான். என்னைக் கேட்டால் அதுதான் யோக்கியமான போட்டி. அந்தப் பெண்ணிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம்.

எனக்கு ஊர் காங்கயம் பக்கம். எங்கள் மாட்டுக்கு முடி ஒரு பொருட்டே இல்லை. ஒட்டிய, மினுக்கும் முடி, திமில், அலைதாடி, அவ்வளவுதான். ஆனால் தாத்தா கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிக்கும்போது முதலில் தேடுவது முடியைத்தான், அது எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று. ஏறுபூரான் சுழி இருந்தால் குடும்பம் ஏறும், அதுவே இறங்குபூரானாக இருந்தால் சந்தையில் கயிற்றைக்கூடத் தொடமாட்டார். படித்த திமிரில் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அயோவா அடுக்களையில் உட்கார்ந்திருந்தபோது, பின்னங்கால் முடிக்காகப் பணத்தைக் கொட்டும் மனிதரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஒரு நீலரோன் பசு சினைப் பருவத்தில் நின்றது. இரண்டு குறைக்கும் சோதித்து எஃப் வாங்கிய பசு. பண்ணைக்காரர் நைட்ரஜன் குடுவையைத் திறந்தார், வெள்ளைப் புகை வழிந்தது. அவர் எடுத்தது பிஹெச்ஏ சுமக்கும் காளையின் உறைவிந்துக் குச்சி. என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"பசு சுத்தம். கன்று சாகாது."

"பாதிக் கன்றுகள் சுமக்குமே."

"ஆமாம். காயடித்துவிட்டால் அது அதோடு முடிந்தது."

கிடாரியாகப் பிறந்தால் முடியாது. அதை அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

குச்சியை 35 டிகிரி வெந்நீரில் முக்கால் நிமிடம் விட்டுத் துடைத்துக் கருவூட்டல் துப்பாக்கியில் ஏற்றினார். பிறகு, "டாக்டர், நீங்கள்தான் போடுங்களேன்" என்று நீட்டினார். கையுறை மாட்டிக்கொண்டு போட்டேன். பசுவின் உட்புறம் காங்கயத்திலும் அயோவாவிலும் ஒன்றுதான். வெளியே வந்தபோது என் சட்டை முழுக்க அதன் முடி. ஜூன் கடைசியிலும் உதிர்ந்து முடியாத முடி. அவர் சுவர் நாட்காட்டியில் 283 நாள் எண்ணி, ஏப்ரல் 6 என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 9 அன்று சித்தப்பா மகன் வழியாக ஒரு படம் வந்தது. ஈரம் காயாத நீலரோன் கன்று, கிடாரி. பின்னங்காலை நெருங்கி எடுத்த இன்னொரு படமும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே புசுபுசுவென்று நிற்கும் முடி. முதல் படத்தைத்தான் பெரிதாக்கினேன், முதுகில் சுழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. பண்ணைக்காரர் வால் முடியில் கொஞ்சம் வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். பதில் இன்னும் வரவில்லை.