மூன்று மணி நேரப் பாதை... ஏழு இரவுப் பயணம்! வசந்தத்தில் தெற்குப் போர்ச்சுகல்

லிஸ்பனிலிருந்து தெற்கே கடலோர நகரமான ஃபாரோவுக்கு மொபைலில் வழி தேடினால் சுமார் 280 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று காட்டும். 'அவ்வளவுதானா? காலையில் கிளம்பினால் மதியம் பீச்சில் இருக்கலாமே' என்று தோன்றும். தெற்குப் போர்ச்சுகலுக்கு ரோடு ட்ரிப் திட்டமிடும் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்த மூன்று மணி நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிற நிலம்தான் பயணத்தின் பாதி அழகு. அதன் பெயர் அலன்டேஜோ. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் தெற்கே, கடலை ஒட்டி நீள்கிறது அல்கார்வ்.

ஏன் வசந்தம்?

குளிர்கால மழை முடிந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் அலன்டேஜோ பச்சையாக இருக்கும். ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் வயலோரமெங்கும் சிவப்பு பாப்பி மலர்களும் ஊதா லாவெண்டரும் பூத்துக் கிடக்கும். ஜூனில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். பிறகு வெயில்தான். இங்குள்ள அமரலேஜா என்ற ஊரில் 2003 ஆகஸ்டில் 47.3 டிகிரி செல்சியஸ் பதிவானது.

ஒரு எச்சரிக்கை... வசந்தத்தில் கடல் சில்லென்று இருக்கும். கடல் குளியல்தான் முக்கியம் என்றால் கோடையில் போவதே நல்லது. ஈஸ்டர் விடுமுறை, ஏப்ரல் 25, மே 1 ஆகிய நாள்களில் உள்ளூர்க்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஏப்ரல் 25, சர்வாதிகாரத்தை முடித்துவைத்த 1974 புரட்சியின் நினைவு நாள். அன்று சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாய்களில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

முதல் இரண்டு இரவுகள்: எவோரா

லிஸ்பனிலிருந்து 130 கிலோமீட்டர். யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னமான இந்தப் பழைய நகரத்தில் ரோமானியக் கோயிலின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. மனித எலும்புகளாலேயே சுவர் எழுப்பிய சிற்றாலயமும் உண்டு. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வழியெங்கும் கார்க் மரங்கள். கீழ்ப்பாதியில் பட்டை உரிக்கப்பட்டு, சிவந்த தண்டில் வெள்ளை பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருக்கும். பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. அதைப் பார்த்துத்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி உரிப்பார்கள். முதல்முறை உரிக்கவே மரத்துக்கு சுமார் 25 வயதாக வேண்டும். பாட்டில் மூடிக்கு ஏற்ற நல்ல கார்க், மூன்றாவது முறை உரிக்கும்போதுதான் கிடைக்கும். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிடும். நட்டவரைவிட அவருடைய பேரன், பேத்திக்குத்தான் அந்த மரம் பலன் தரும். உலகின் கார்க்கில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்து வருகிறது.

மூன்றாவது இரவு: மொன்சராஸ்

குன்றின் மேல் வெள்ளை வீடுகளும் கோட்டையுமாக ஒரு குட்டி ஊர். கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை அல்கேவா அணையின் நீர். இரவில் வெளிச்சத் தொல்லை குறைவு என்பதால் நட்சத்திரங்களைப் பார்க்கவே பலர் வருகிறார்கள்.

அந்த நீருக்கு ஒரு விலை உண்டு. வறண்ட மண்ணுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணையின் மதகுகள் 2002-ல் மூடப்பட்டபோது, லூஸ் என்ற கிராமம் மூழ்க வேண்டியிருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் புதிய கிராமம் கட்டினார்கள். பழைய அண்டை வீட்டார் புதிய ஊரிலும் அண்டை வீட்டாராகவே இருக்கும்படி வீடுகள் ஒதுக்கப்பட்டன. கல்லறையிலிருந்தவர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். புதிய லூஸில் உள்ள அருங்காட்சியகம் இந்தக் கதையைச் சொல்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு ஏரியைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

நான்காவது, ஐந்தாவது இரவுகள்: மெர்தோலா, தவீரா

குவாதியானா ஆற்றங்கரையில் இருக்கும் மெர்தோலாவின் தேவாலயம் முன்பு மசூதியாக இருந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் மிஹ்ராப் மாடம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்கினால் தவீரா. உப்பளங்களில் ஃபிளமிங்கோக்களைப் பார்க்கலாம். படகில் ஏறி மணல்தீவுக் கடற்கரைக்கும் போய்வரலாம்.

கடைசி இரண்டு இரவுகள்: சக்ரஸ், மேற்குக் கடற்கரை

சக்ரஸ் போகும் வழியில் லாகோஸில் இறங்குங்கள். 1444-ல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இங்கே கொண்டுவந்து விற்றார்கள். பாறைகளின் முன் செல்ஃபி எடுத்து முடித்ததும் அடிமைச் சந்தை அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள்.

சக்ரஸுக்கு அருகிலுள்ள சாவ் வின்சென்ட் முனை, ஐரோப்பிய நிலப்பரப்பின் தென்மேற்கு எல்லை. அங்கிருந்து வடக்கே சர்தாவ் முனைக்குப் போனால், அலை மோதும் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் வெண்நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். வசந்தத்தில் குஞ்சுகளும் இருக்கும். விளிம்பில் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. குழந்தைகளின் கையை விடாதீர்கள். விலா நோவா த மில்ஃபோன்டெஸில் கடைசி இரவு தங்கிவிட்டு லிஸ்பன் திரும்பலாம்.

இந்தத் திட்டத்தில் ஊர்விட்டு ஊர் மாறும் எந்த நாளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியதில்லை. ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால், அல்கார்வில் பாதியை விட்டுவிடுங்கள். உள்நாட்டை மட்டும் விடாதீர்கள்!

கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு...

* சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.
* வாடகை கார்களில் கியர் வண்டிகளே அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.
* 12 வயதுக்கும் 135 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறைவான குழந்தைகளுக்கு சைல்டு சீட் கட்டாயம்.
* அல்கார்வின் A22 நெடுஞ்சாலையில் 2025 ஜனவரி முதல் டோல் இல்லை. லிஸ்பனிலிருந்து தெற்கே வரும் A2-வில் உண்டு.
* ஓட்டலில் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ் இலவசம் அல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அலன்டேஜோவில் 'அசோர்தா' கேட்டுப் பாருங்கள். பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கைநிறைய கொத்தமல்லி சேர்த்த சூப். ஏழைகளின் சாப்பாடாகத் தொடங்கியது. முட்டையோ மீனோ வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மொழி தெரியாதே என்ற பயம் வேண்டாம். அங்கே மேசைக்கு 'மேஸா', ஜன்னலுக்கு 'ஜனேலா', அலமாரிக்கு 'அர்மாரியு'. போர்ச்சுக்கீசியர்கள் கப்பலேறி வந்தபோது நமக்கு விட்டுச்சென்ற சொற்கள் இவை. தங்கும் விடுதியில் அறையின் 'ஷாவ்' கேளுங்கள். சாவியை எடுத்துக் கையில் கொடுப்பார்கள்!