கைதட்டலுக்கு முன் ஒரு கணம்

சென்னையின் மார்கழி இசைவிழாவுக்கு வித்திட்டது, 1927 டிசம்பரில் இங்கு காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாடு. அதே மார்கழியில் கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்குமாக 2020இல் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கியது ‘மார்கழியில் மக்களிசை’. பிற்பகல் முதல் இரவுவரை, குழு மாற்றிக் குழுவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாங்காட்டில் எங்கள் தெருவில் பறை ஒலித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள், சன்னல்கள் சாத்தப்படும். இங்கோ அதே அடிக்கு இளைஞர்கள் எழுந்து ஆடினார்கள். ஒப்பாரி முடிந்ததும் கைதட்டலாமா என்று அரங்கமே ஒரு கணம் தயங்கியது. இழவு வீட்டில் யாரும் கைதட்டுவதில்லை. பாடியவர் பெயரையும் கேட்பதில்லை. மேடையில் அந்தப் பெயர் அறிவிக்கப்பட்டது. பிறகே கைகள் தட்டின.

சுருதி, தாளம் பற்றி விமர்சகர்கள் பேசட்டும். கலைஞருக்குரிய முதல் மரியாதை பெயர்தான். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.