டம்ளர் வழக்கு

ஐந்தாம் வகுப்பில் என் சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு வரியை ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு மேலவை, கீழவை என்று இரண்டு அவைகள் உண்டு என அதில் அச்சாகியிருந்தது. "மேலவையை 86 நவம்பர்லயே எடுத்தாச்சு. புத்தகத்துக்கு இன்னும் சேதி வரலை, அடிங்க" என்றார் சார். புத்தகத்தில் கோடு கிழித்தால் முட்டி போடச் சொல்லும் பள்ளிக்கூடம் எங்களுடையது. அதனால் அந்த ஒரு வரியை அவ்வளவு சந்தோஷமாக அடித்தோம்.

விருதுநகர்ப் பக்கம் கரிசல்காட்டு ஊர். ஓட்டுக் கட்டடத் தொடக்கப் பள்ளி, இரண்டே வாத்தியார்கள். தலைமை ஆசிரியர் பெரிய சார், எங்களுக்கு எடுத்தவர் சின்ன சார். 1988 ஜனவரி, பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். இறந்து ஒரு மாதம் ஆகவில்லை. டீக்கடையில் அவர் படத்துக்குப் போட்ட மாலை காய்ந்து, சருகு உதிர்ந்துகொண்டிருந்தது.

சட்டம் இயற்றுவது, செயல்படுத்துவது, அதற்குப் பொருள் சொல்வது என்று மூன்று துறைகளையும் பாட்டாகவே ஒப்பித்தோம். மூன்றாவதுதான் யாருக்கும் புரியவில்லை. சட்டம் எழுதியாகிவிட்டது, எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியும், அப்புறம் பொருள் சொல்ல எதற்குத் தனியாக ஓர் ஆள்?

சின்ன சார் சாக்பீஸை எடுத்துத் தரையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டார். ஜன்னல் பக்கம் சட்டமன்றம், சுவர்ப் பக்கம் நிர்வாகம். மூன்று பேரை மட்டும் எழுப்பி வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினார். அது நீதிமன்றம். அந்த மூவரில் நடுவில் உட்கார்ந்தவன் வகுப்பில் வாயே திறக்காத தறிக்கார வீட்டுப் பையன். அவனை ஏன் நீதிபதியாக்கினார் என்று அப்போது எங்களுக்கு எரிச்சல்.

அடுத்த சிக்கல் லீடர். எங்கள் அப்பத்தா அவனைச் 'சட்டாம்பிள்ளை' என்பாள். பேரில் சட்டம் இருக்கிறது, செய்வதோ நிர்வாக வேலை. அவன் எந்தப் பக்கம்? "முதலமைச்சர் சட்டமன்றத்துலயும் இருப்பார், கோட்டையில ஆபீஸையும் பார்ப்பார். அதனால நீ கோட்டு மேல உட்காரு" என்று சொல்லிவிட்டார் சார். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் சென்னையில் ஒரே கோட்டைக்குள்தான் இருக்கின்றன என்றும் அப்போதுதான் சொன்னார். லீடரின் காக்கி டவுசர் அன்று முழுக்கப் பின்னால் வெள்ளையாகவே இருந்தது.

முதல் சட்டத்தை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி ஏதுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஓர் அடிபம்பு, கோடையில் இருபது முப்பது தடவை அடித்தால்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும். 'சத்துணவுத் தட்டு கழுவிய தண்ணீரை வேப்பங்கன்றுக்குத்தான் ஊற்ற வேண்டும். மீறினால் கோவை இலையும் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூச வேண்டும்.' கை தூக்கி நிறைவேற்றினோம்.

மூன்றாம் நாள் லீடர் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். தண்ணீரை வழியில் கொட்டிவிட்டாள், பத்துப் பேர் பார்த்திருக்கிறோம், வழக்கு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அவள் அழக்கூட இல்லை. "நான் கொட்டுனது டம்ளர் கழுவுன தண்ணி" என்றாள்.

தறிக்கார வீட்டுப் பையன் நான் எழுதிய தாளை வாங்கினான். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை வாசித்தான். "இதுல தட்டுன்னுதான் இருக்கு. டம்ளர்னு இல்ல. அவள விட்ருங்க."

ஜன்னல் பக்கம் கொதித்துப்போனது. ஒரே நிமிஷத்தில் 'தட்டு, டம்ளர், வாளி எதுவானாலும்' என்று திருத்தி எழுதிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். இப்போது பூசச் சொல்லு! சார் குறுக்கே கையை நீட்டினார். "அவ கொட்டினப்ப அது குத்தமா? இல்ல. இப்பப் போட்ட சட்டத்தை வச்சு அப்பச் செஞ்சதைத் தண்டிக்கப்படாது." அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது.

லீடரையே எதிர்த்து இவன் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று ஒருத்தன் கேட்டான். 1975 ஜூனில் இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோதே அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்ததைச் சார் சொன்னார். அதற்கு முன் பிரதமரே நேரில் வந்து நீதிமன்றத்தில் பதில் சொன்னதையும் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. மரத்தடிப் பையன் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

 

ஜனவரி 28 அன்று நிஜமான சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி நடந்து போலீஸ் புகுந்தது. எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள் முதலமைச்சராக இருந்தது 24 நாள்தான். 30ஆம் தேதி, சனிக்கிழமை, ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சார் ஈரத்துணியோடு வந்து தரையில் இருந்த கோட்டை அழித்தார். "ஜன்னல் பக்கம் எல்லாரும் சும்மா உட்காருங்க. உங்க வேலை டெல்லிக்குப் போயிடுச்சு. லீடர், நீயும் இறங்கிடு. சுவர்ப் பக்கம் தண்ணி தூக்குறவங்க வழக்கம்போலத் தூக்கணும், ஆனா இனிமே பெரிய சார்தான் கவர்னர், அவர்கிட்டக் கேட்டுக்கோங்க."

"அப்ப மரத்தடி, சார்?"

"அங்க யாரும் கை வைக்க முடியாது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தாலும் ஐகோர்ட் அதிகாரம் அப்படியேதான் இருக்கும்."

எங்களுக்கு வேலை இல்லை. மத்தியானம் மரத்தடியைப் பார்த்தேன். மூன்று பேரும் சத்துணவுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கே வராத நீதிமன்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு 1989 ஜனவரி 21 அன்று தேர்தல் நடந்தது, சட்டமன்றம் மறுபடி கூடியது. அதற்குள் நாங்கள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போய்விட்டோம். எங்கள் சட்டமன்றம் பிறகு கூடவேயில்லை. டம்ளரைச் சேர்த்து நான் எழுதிய திருத்தமும் ஒருவர் மேலும் பாயவில்லை.