அசெம்பிள் பண்ணலாமா, கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கலாமா?



கல்லூரி திறக்கும் காலம். "சார், பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வாங்கணும். அசெம்பிள் பண்ணா மிச்சமாமே?" என்று நம் பழைய மாணவர்கள் இருவர் கேட்டார்கள். ஒருவர் பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுகிறார். மற்றவர் ஆவடியில் தையல் கடை வைத்திருக்கிறார். இருவர் கையிலும் சீட்டு எடுத்த பணம் 50,000 ரூபாய்தான். இருவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். காரணத்தை எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ரிச்சி தெருவில் விசாரித்ததில், 8 ஜிபி ராம், மானிட்டர் எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டியோடு 38,000. ஏறக்குறைய அதே தரத்தில் கம்பெனி கம்ப்யூட்டர் 46,000. பார்த்தால் 8,000 மிச்சம். ஆனால் 38,000-இல் விண்டோஸ் கிடையாது. முறையாக உரிமம் வாங்கினால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். "சும்மா போட்டுத் தர்றோம்" என்று சிலர் சொல்வார்கள். அது கள்ளப் பிரதி, வேண்டாம்.

பூந்தமல்லிப் பெண் பி.காம். டேலி கற்க வேண்டும், அதற்கு விண்டோஸ் தேவை. ஆக, விலையில் மிச்சம் இல்லை. பழுது வந்தால் எந்தப் பாகம், எந்த சர்வீஸ் சென்டர் என்று அலைய வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாள் சவாரி போச்சு. கம்பெனி கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் ஆள் வீட்டுக்கே வருவார். அதனால் அவரை அதையே வாங்கச் சொன்னேன்.

ஆவடிப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ். சி, பைதான் பழக லினக்ஸ் போதும், அது இலவசம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஆகவே 8,000 உண்மையிலேயே மிச்சம். யுபிஎஸ் வாங்கியும் பணம் கையில் நிற்கும். பல பாகங்களுக்குத் தனித்தனியே மூன்று வருட வாரண்டி உண்டு. பிறகு ராமைக் கூட்டுவதும் எஸ்எம்பிஎஸ் மாற்றுவதும் சுலபம். கம்பெனிப் பெட்டிகள் சிலவற்றில் அவர்கள் அளவுக்கே செய்த பாகம்தான் பொருந்தும். பையனுக்கும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஆசை. அசெம்பிள் பண்ணச் சொல்லிவிட்டேன்.

போகிறவர்கள் கவனிக்க:

1. இன்டெல் பிராசசர் எண் 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இருக்காது, தனி கார்டு வாங்க வேண்டிவரும்.

2. எஸ்எம்பிஎஸ்ஸில் காசு பார்க்காதீர்கள். அது கெட்டால் மற்ற பாகங்களையும் கெடுக்கலாம்.

3. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மலிவுதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

4. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொள்கின்றன. போன மாத விலையை நம்பிப் புறப்படாதீர்கள்.

ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். பணம் கட்டும் முன் கொட்டேஷனை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பிள்ளை என்ன படிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.